மாடு மேயப் போயிருக்கு

வா மருமவனே, உக்காரு. அந்த ஓரம் வேண்டாம், ஓடு ஒழுகும். இப்படித் தூணோரமா வா. சிங்கப்பூர்ல பதினாலு வருஷம் ஊரான் கட்டடத்துக்கெல்லாம் சாரம் கட்டி ஏறினவன், இப்பச் சொந்தமா ஒரு வீடு கட்டப் போறேன்னு துறையூர்ல வந்து நிக்கிறே. சந்தோசம். உங்கம்மா நேத்தே போன் போட்டுட்டா. "அண்ணே, அவன் அப்ரூவல் விசயமா யோசனை கேக்க வருவான், குசும்பா எதையாச்சும் சொல்லி அனுப்பிடாதீங்க"ன்னா. நான் என்னைக்குடா குசும்பாப் பேசியிருக்கேன்?

நீ கேட்ட மொத கேள்வியே எனக்கு ரொம்பப் புடிச்சுது. "யாரைப் பாக்கணும் மாமா, எவ்வளவு குடுக்கணும்?" மனை எத்தனை அடின்னு சொல்லல. ரோடு எத்தனை அடின்னு சொல்லல. பட்டா இன்னும் உங்கப்பன் பேர்லயே கெடக்கா, உன் பேருக்கு மாத்தியாச்சாங்கிறதும் இல்ல. எடுத்த எடுப்புல யாரு, எவ்வளவு. கோயிலுக்குப் போனவன் சாமி எதுன்னு கேக்காம உண்டியல் எந்தப் பக்கம்னு கேட்ட மாதிரி. சிங்கப்பூர்ல தெருவுல குப்பை போட்டா அபராதம்னதும் முட்டாய்க் காயிதத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே திரிஞ்சவன்தானே நீ? பிளேனை விட்டுத் திருச்சியில எறங்கி, பஸ்ஸு புலிவலம் தாண்டுறதுக்குள்ள இந்தக் கேள்வி எங்கருந்துடா வந்துச்சு?

கேட்டது கேட்டுட்டே. யாரைப் பாக்கணும்ங்கிறதைக் கடைசியாச் சொல்றேன். அதுக்கு முன்னால என் கதை ஒண்ணைக் கேளு.

எனக்குக் கல்யாணமான புதுசு, 1979-ன்னு வையி. இந்த ஊர்ல இல்ல, அப்ப நான் பொழைக்கப் போயிருந்த வேற டவுனு. பேரு எதுக்கு உனக்கு? அங்க ஒரு துண்டு மனை வாங்கினேன். முன்னால ஒரு வீடு நாங்க இருக்க, பின்னால ஒரு வீடு வாடகைக்கு விட. ரெண்டு வீடுன்னா வரியும் ரெண்டு வருமேன்னு மூளை வேலை செஞ்சுது. பின்னால கட்டுறதை "மாட்டுக் கொட்டகை"ன்னு ப்ளான்ல போட்டு, கீழ நானே கையெழுத்தும் போட்டேன். அப்புறம் கொட்டகைக்கு ஜன்னல் வச்சேன், நிலை வச்சேன், ரெட் ஆக்சைடு தரை போட்டேன். ஒரு கணக்கு வாத்தியாரைக் குடி வச்சேன். மாசம் நாப்பது ரூவா.

ஒருநாள் சைக்கிள்ல வந்து எறங்கினாரு இன்ஸ்பெக்டரு. படத்தைப் பிரிச்சாரு, கொட்டகையப் பாத்தாரு. "மாடு எங்க?"ன்னாரு.

"மேயப் போயிருக்குங்க."

"ஜன்னல்ல திரை எதுக்கு?"

"கொசுங்க. மாடு தூங்க மாட்டேங்குது."

அந்த நேரம் பாத்தா உள்ளருந்து சத்தம் வரணும்? வாத்தியாரு டியூசன் பிள்ளைங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காரு. இன்ஸ்பெக்டரு பத்துப் பதினாறு நூத்தி அறுவது வரைக்கும் நின்னு கேட்டாரு. "உங்க மாட்டுக்குக் கணக்கு நல்லா வருது"ன்னாரு. சிரிச்சுட்டாரு மனுசன். ஒரு காபி குடிச்சாரு, கொட்டகைன்னே எழுதிக்கிட்டு சைக்கிளை மிதிச்சுட்டுப் போயிட்டாரு. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன், எப்படி ஏமாத்தினேன் பாத்தியான்னு.

இருபது வருஷம் கழிச்சுப் பெரியவ கல்யாணத்துக்கு அந்த வீட்டு மேல கடன் கேட்டு ஒரு பேங்குக்குப் போனேன். மதிப்புப் போட வந்தவரு ப்ளானைப் பிரிச்சாரு. வீடு ஒண்ணு, மாட்டுக் கொட்டகை ஒண்ணு. "கொட்டகைக்கு மதிப்பு வராதுங்க"ன்னாரு. "அய்யா, அது வீடுங்க, உள்ள வந்து பாருங்க, ஃபேன் ஓடுது"ங்கறேன். "கொட்டகைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ன்னு என் கையெழுத்தை என்கிட்டயே காட்டுறாரு. இப்ப யாரு மாடுன்னு நீயே சொல்லு. உங்கத்தை கழுத்துல கெடந்ததைக் கழட்டித்தான் அந்தக் கல்யாணம் நடந்துச்சு. இன்னைக்கும் வீட்டுல சண்டைன்னு வந்தா, குழம்பை ஊத்திக்கிட்டே, "மாடு மேஞ்சுட்டு வந்துருச்சா?"ன்னு கேப்பா.

உன் மனைக்கு வருவோம். அந்த மனை வாங்கின அன்னைக்கு உங்கப்பனும் நானும் ஒண்ணாத்தான் போனோம். பஸ் ஸ்டாண்டுலருந்து இலவச வேன், கலர் கலராக் கொடி, பந்தல்ல பிரியாணி. புக் பண்றவங்களுக்கு வெள்ளிக் காசு. பாக்குற எடமெல்லாம் கல்லு நட்டு நம்பர் போட்டிருந்தான். "அப்ரூவ்டு மனையா?"ன்னு நான் கேட்டேன். "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்"னு ஒருத்தன் சொன்னான். பிரியாணி வாயில இருந்ததால அடுத்த கேள்வி கேக்க முடியல. நகர் ஊரமைப்புத் துறை அனுமதின்னு ஒண்ணு இருக்குங்கிறதே 2016 செப்டம்பர்லதான் பாதி ஜனத்துக்குத் தெரிஞ்சுது. அங்கீகாரமில்லாத மனையைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு ஹைகோர்ட்டு தடை போட்டுச்சு பாரு, அப்ப பத்திர ஆபீஸ் வாசல்ல நின்ன டீக்கடைக்காரன்கூடச் சோந்து போயிட்டான். அப்புறம் 2017-ல வரன்முறைன்னு விதி கொண்டாந்தாங்க. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால வித்த மனைன்னா கட்டணம் கட்டி நேர் பண்ணிக்கலாம். உங்கப்பன் முணுமுணுத்துக்கிட்டே கட்டினாரு. அந்த உத்தரவுக் காயிதம் உங்கம்மா பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில இருக்கும். மொத அதைத் தேடு. அது இல்லாம நீ எந்த ஜன்னலைத் தட்டினாலும் தொறக்காது.

கூடவே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, உன் பேருக்குப் பட்டா, சர்வேயர் படம், காலியிட வரி கட்டின ரசீது. காலியிடத்துக்கு எதுக்கு வரின்னு கேக்காத, கட்டு. பட்டாவுல ஒரு அளவு, பத்திரத்துல ஒரு அளவு, தரையில ஒரு அளவுன்னு மூணு இருக்கும் பல மனையில. முப்பதுக்கு நாப்பது, 1,200 சதுர அடி, ரெண்டே முக்கால் சென்டுன்னு உங்கப்பன் சொல்லுவாரு. கல்லுக்குக் கல்லு நீயே டேப்பு புடிச்சுப் பாரு. கல்லு நடந்து போற ஜாதி. ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சாண் நகரும்.

இப்ப நல்ல சேதி சொல்றேன். நான் சைக்கிள் இன்ஸ்பெக்டருக்குப் பயந்த மாதிரி நீ பயப்பட வேண்டியதில்ல. 2024 ஜூலை 22-ஆம் தேதி கவர்மெண்டு சுயசான்றுன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. மனை 2,500 சதுர அடிக்குள்ள, வீடு 3,500 சதுர அடிக்குள்ள, தரையும் மேல ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள்ள. அப்ப போட்ட அளவு இது. கூட்டிக் கொறச்சிருக்காங்களான்னு விண்ணப்பம் போடுற அன்னைக்குப் பாத்துக்க. இந்த அளவுக்குள்ள அடங்கினா ஒற்றைச் சாளரத்துல படத்தை ஏத்தி, பணத்தைக் கட்டினா, அனுமதி அப்பவே கையில. முன்கூட்டி மனையப் பாக்க யாரும் வர மாட்டாங்க. பரிசீலனைக் கட்டணம் கிடையாது. சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒரே கட்டணம், அது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். சாளரம் ஒண்ணுதான், ஆனா அதைத் தொறக்குறதுக்குள்ள செல்லுக்கு ஓடிபி வரணும், சிக்னல் கெடைக்கணும், நெட் சென்டர் பிள்ளை சாப்பிட்டு வரணும். அதெல்லாம் விடு.

உனக்கு இதுல என்ன புரியுது? "யாருமே பாக்க வர மாட்டாங்களா மாமா!"ன்னு உன் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு, நான் பாத்துட்டேன். எனக்குப் புரியறது வேற. எல்லா விதிக்கும் உட்பட்டுத்தான் கட்டுறேன்னு நீயே எழுதி, நீயே கையெழுத்துப் போட்டு, நீயே சான்று குடுத்துக்கறே. நாளைக்குப் பொய்னு தெரிஞ்சா அனுமதி ரத்து. அன்னைக்கு, "அதிகாரி பாத்துட்டுத்தானே சார் போனாரு"ன்னு சொல்ல சைக்கிள்ல வந்த ஆளும் கெடையாது. ஏமாத்திட்டேன்னு சொல்லிக்க எனக்காவது ஒரு இன்ஸ்பெக்டரு இருந்தாரு. உனக்கு அந்தச் சந்தோசமும் இல்ல.

அதனால ரொம்ப சுலபமா ஒரு வழி சொல்றேன், கேட்டுக்க. நம்ம ஜனங்க எல்லாரும் செய்யிறதுதான். ரெண்டு படம் போடு. எஞ்சினியர்கிட்ட ஒண்ணு, மேஸ்திரிகிட்ட ஒண்ணு. எஞ்சினியர் படத்துல நாலு பக்கமும் எடம் விட்டு, காத்து வரும், வெளிச்சம் வரும், பாக்கவே ஏதோ ஊட்டி பங்களா மாதிரி இருக்கும். அதை கம்ப்யூட்டர்ல ஏத்து. மேஸ்திரி படம் எதுன்னா, சிமெண்டு மூட்டைக் காயிதத்தைக் கிழிச்சு அவரு காதுல சொருகியிருக்குற பென்சிலால கோடு போடுவாரு, அது. அதுல எடம் விடுற பேச்சே கெடையாது. "அய்யா, கெழக்கால ரெண்டடி வீணாப் போவுதே"ம்பாரு. அந்த "வீணா"ங்கிற வார்த்தையில மயங்காத ஆம்பளை இன்னும் பொறக்கல. எஞ்சினியர் மீட்டர்ல பேசுவாரு, மேஸ்திரி அடியில பேசுவாரு, உன் பொண்டாட்டி பக்கத்து வீட்டைக் காட்டி "அதைவிடப் பெருசா"ன்னு பேசுவா. மூணையும் ஒண்ணாக் கூட்டினா எந்த விதியிலயும் அடங்காது. 7 மீட்டர்னா 23 அடிக்கு ஒரு நூலு கம்மி. பேஸ்மட்டம் மூணடி தூக்கணும்கிறே, கீழ ரூமு பதினொண்ணு, மேல ரூமு பதினொண்ணுங்கிறே. கூட்டிப் பாரு. சுயசான்றுல கையெழுத்துப் போட்ட மை காயறதுக்குள்ள ரெண்டடி மேல போயிட்டே.

ரெண்டு படம் போடுற இதே ஆளு வாஸ்துக்காரன் முன்னால எப்படி நிப்பாங்கிறே? பதினாறு அடி நல்லது, ஒம்பது அடி ஆகாதுன்னு மனையடி சாஸ்திரம் சொன்னா, கட்டின செவுத்தை இடிச்சுட்டு ஓரடி தள்ளிக் கட்டுறான். கக்கூஸு ஈசானியத்துல இருக்குன்னு வாஸ்துக்காரன் மூக்கைப் பொத்தினா, டைல்ஸோட பேத்து எடுக்குறான். காசு வாங்கிக்கிட்டு இடிக்கச் சொன்ன அந்த ஆளுக்கு வேட்டி துண்டு வேற. நகராட்சியிலருந்து வந்து, "பக்கவாட்டுல எடம் விடலியே"ன்னு கேட்டா மட்டும், "ஏன், எங்கப்பன் மண்ணு!"ன்னு கோர்ட்டுக்குப் போறான். எடம் விட்டா தீ வண்டி வரும், காத்து வரும், செப்டிக் டேங்க் வண்டி ஓஸ் இழுக்க வழி இருக்கும்னு விதி எழுதினவன் சொல்றான். அதுல பலன் ஒண்ணும் எழுதலியே. விதிப் புஸ்தகத்துலயும் "முன்புறம் எடம் விட்டால் புத்திர பாக்கியம், பக்கவாட்டில் விட்டால் பொன் பொருள் சேரும்"னு அச்சடிச்சிருந்தா, 2019-ல வந்த கட்டட விதிகளை எல்லாரும் பூஜை அறையில வச்சுக் கும்பிட்டிருப்பாங்க.

அது சரி, வடக்கால எவ்வளவு விடுறே?

என்ன, சொல்ல யோசிக்கிறே? "வடக்கு மனை காலியாத்தான் மாமா கெடக்கு, அந்த ஆளு சென்னையில இருக்காரு, வர்றதே இல்ல. சன்ஷேடை அந்தப் பக்கம் ரெண்டடி விட்டுக்கலாம், மாடிப்படியையும் வெளிய போட்டுக்கலாம்னு மேஸ்திரி சொன்னாரு." அடி சக்கை. இருக்கட்டும், இருக்கட்டும். மேஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்புறம் பேசுவோம் அதை.

மழைநீர்க் குழி மறந்துடாத. 2003-ல சட்டம் போட்டாங்க, எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு. அந்த வருஷம் இந்த ஊர்ல பிவிசி பைப்புக்கு இருந்த கிராக்கி பொங்கலுக்குக் கரும்புக்குக்கூட இல்ல. மாடியிலருந்து பைப்பு எறங்கும், தரையில ஒரு வட்ட மூடி இருக்கும். மூடியத் தூக்கினா கீழ கெட்டி மண்ணு. குழியே வெட்டல! சில வீட்டுல பைப்பு பாதியிலயே சாக்கடைக்குத் திரும்பிடும். மழை பெஞ்சா மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் ஜோராத் தெருவுக்கு ஓடும், வைகாசியில அதே வீட்டுக்காரன் ஆயிரம் அடிக்கு போர் போட ஜாதகம் பாப்பான். நீயும் அப்படியே ஒரு மூடி வாங்கி வச்சுடு. ஜல்லி, மணலுன்னு குழிக்குச் செலவு பண்ணாத. போட்டோவுல மூடிதான் தெரியும், குழி தெரியாது.

இன்னொண்ணு, நீ மொதல்ல கேட்ட "எவ்வளவு". அதுல உன் தலைமுறைக்கு ஒரு புதுச் சௌகரியம் இருக்கு. முந்தியெல்லாம் வாங்கினவன் மாட்டுவான், குடுத்தவன் சாட்சி சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்பான். 2018-ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினாங்க. இப்ப குடுக்கிறவனுக்கும் ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. வற்புறுத்திக் கேட்டதால குடுத்தேன்னா ஏழு நாளைக்குள்ள போய்ச் சொல்லிடணும், அப்பதான் தப்பிக்கலாம். பேப்பர்ல பாத்திருப்பியே, ரசாயனப் பவுடர் தடவின நோட்டு. வாங்கின கையைச் சோடா உப்புத் தண்ணியில முக்கினா ரோஸ் கலர்ல மாறும். படிக்கும்போது ஏதோ கல்யாண வீட்டு ஆலத்தித் தண்ணி மாதிரி இருக்கும். எடைத்தரகரு எவனாச்சும் "நான் முடிச்சுத் தர்றேன், மேல குடுக்கணும்"னு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்து சொன்னான்னு வையி. மேலங்கிறது யாருன்னு கேளு. பாதிப் பேருக்கு மேலங்கிறது அவனுடைய மேல்சட்டைப் பை.

வெத்தலை காரமா இருக்கு. கொஞ்சம் தண்ணி மோந்து குடு.

எல்லாத்தையும் இப்படிச் சிரிச்சே பேசிக்கிட்டு இருக்கேனேன்னு நெனைக்காத. 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபம். மேல கீத்துப் பந்தல் போட்டு, அதுக்குக் கீழ முகூர்த்தம். வீடியோ லைட்டுக்கு இழுத்த வயர்லருந்து பொறி பறந்து கீத்துல பட்டுச்சு. எறங்குறதுக்கு ஒடுக்கமான படி. ஐம்பது பேருக்கு மேல போயிட்டாங்க, மாப்பிள்ளையும் சேத்து. தாலி கட்ட வந்தவன்டா. அந்த வருஷமே ஜூலை 16-ல கும்பகோணத்துல பள்ளிக்கூடம், சமையல்கட்டுக் கூரையில பத்துன தீ மேல ஏறி 94 பிள்ளைங்க. அதுக்கப்புறம் 2014 ஜூன் 28-ல சென்னை மௌலிவாக்கத்துல பதினோரு மாடி கட்டிக்கிட்டு இருக்கும்போதே உக்காந்துருச்சு, 61 பேரு. கல்லு மண்ணு சொமக்க வந்த ஏழை ஜனம், உன்னை மாதிரி ஊரு விட்டு ஊரு பொழைக்கப் போனவங்க. பக்கத்துல நின்ன ஜோடிக் கட்டடத்தை 2016-ல வெடி வச்சு எறக்கினாங்க. இதுல எது எது யாரு தப்புன்னு கோர்ட்டு பாத்துக்கிச்சு. எனக்குத் தெரிஞ்சது, அந்தப் படி, அந்தக் கூரை, அந்தத் தூணு, இது மூணையும் ஒவ்வொரு காயிதத்துல யாரோ ஒருத்தன் சரின்னு எழுதியிருப்பான், இல்லன்னா எழுத வேண்டியவன் எழுதாம விட்டிருப்பான். அன்னைக்கு இந்தத் திண்ணையில யாரும் குசும்பு பேசல.

பெரிய கட்டடம்னா பேஸ்மட்டம் எழும்பினதும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் மேல கட்டச் சொல்லுவாங்க, முடிஞ்சதும் நிறைவுச் சான்று வாங்கணும். உன் வீட்டுக்கு அது வேண்டாம். 12 மீட்டர் உயரத்துக்குள்ள, மூணு குடித்தனத்துக்குள்ள இருக்கிற வீட்டுக்குத் தேவையில்லன்னு 2019 விதியிலயே விட்டுட்டாங்க, அப்புறம் அந்த வரம்பை இன்னும் தளர்த்தினாங்க. கரண்டு இணைப்புக்கு அலைய வேண்டியதில்ல. ஆனா கவர்மெண்டு பாக்காததால கான்கிரீட்டு தானா நல்லதாயிடுமா? கம்பி கட்டி முடிச்சு, கான்கிரீட்டு போடுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், எஞ்சினியரைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி சென்ட்ரிங் மேல ஏத்து. படத்துல எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை இன்ச்சு எடவெளி, கட்டியிருக்கறது அதுதானா, கம்பிக்கடியில கவர் பிளாக் இருக்கா. அவரு பேண்ட்டு அழுக்காவும்பாரு, ஆகட்டும். நம்ம ஊர்ல அன்னைக்கு என்ன நடக்கும்? எஞ்சினியர் வர மாட்டாரு. நீ கெடா வெட்ட ஆள் பாத்துக்கிட்டு இருப்பே. கான்கிரீட்டு மிஷின்காரன் கொழகொழன்னு எறங்கினாத்தான் வேலை சீக்கிரம் முடியும்னு தண்ணிய ஊத்திக்கிட்டே இருப்பான். அப்புறம் பத்து நாள் தண்ணி கட்டச் சொன்னா நாலு நாள் கட்டுவே, பதினாலு நாள் முட்டு நிக்கட்டும்னா, "சென்ட்ரிங் பலகைக்கு வேற எடத்துல ஆர்டர் இருக்கு"ன்னு எட்டாம் நாளே பிரிச்சுட்டுப் போவான். நீயும் புது வீட்டுல மல்லாந்து படுத்துக்கிட்டு, விட்டத்துல ஓடற விரிசலைப் பாத்து, "பெயிண்ட்டுலதான் ஏதோ கோளாறு"ம்பே.

அஸ்திவாரம் தோண்டும்போதும் நீ பக்கத்துல நில்லு. உன் மனைப் பக்கம் கரிசல் வந்துச்சுன்னா மேஸ்திரி சொல்ற நாலடிக்குத் தலையாட்டாத. கரிசல் மழையில வீங்கும், வெயில்ல சுருங்கும், வருஷா வருஷம் உன் வீட்டைத் தூளியில போட்டு ஆட்டும். எஞ்சினியர்கிட்ட மண்ணைக் காட்டு. மனை வாங்கும்போது பிரியாணிய மோந்து பாத்தோம், மண்ணை மோந்து பாக்கல.

எப்ப முடியும்னு கேக்குறியா? சிங்கப்பூர்ல ஆறு மாசத்துல எழுப்பிடுவாங்கன்னு பெருமையடிச்சே. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைப் பாத்திருக்கேல்ல? இப்ப 236 அடி நிக்குதே, நான் சின்னப் பையனா இருந்தப்ப அது அடி மட்டும் நிக்கும். மொட்டைக் கோபுரம்னு சொல்லுவோம். ஆரம்பிச்சு நானூறு வருஷம் போல அப்படியே கெடந்துச்சு. 1987-லதான் பதிமூணு நெலையும் எழும்பிக் கும்பாபிஷேகம் ஆச்சு. பெருமாளே நானூறு வருஷம் பொறுமையாப் படுத்துக்கெடந்தாரு. நீ ஆடி போனா ஆவணியில பால் காய்ச்சணும்னு குதிக்கிறே. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்க. மேல அவ்வளவு பாரம் ஏத்தியும் நானூறு வருஷத்துக்கு முந்தின அடி தாங்குது. அந்த அடியைப் போட்டவன் யாரு முன்னாலயும் கையெழுத்துப் போட்டானான்னு தெரியல, ரெண்டு படம் வச்சிருந்த மாதிரி தெரியல.

எந்திரிச்சுட்டியா? இரு, நீ கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல. யாரைப் பாக்கணும்ன்னியே.

இன்ஸ்பெக்டரு வர மாட்டாரு. நிறைவுச் சான்று கேக்க மாட்டாங்க. கம்ப்யூட்டருக்குக் கண்ணு கெடையாது. நீ மாடிப்படியை எங்க போடுறே, சன்ஷேடு எவ்வளவு நீட்டுறே, ஜன்னல் கதவு தொறந்தா எவன் தலையில இடிக்கும், இதெல்லாம் நகராட்சியிலயோ திருச்சியிலயோ இருக்கிற ஆளுக்குத் தெரியப் போறதில்ல. அதைத் தெனமும் நின்னு பாக்குற ஆளு ஒருத்தன்தான், பக்கத்து மனைக்காரன். மனு எழுதிப் போடுறவனும் அவன்தான். உன் சுயசான்றை வரிக்கு வரி படிக்கிறவனும் அவன்தான். தெக்கு மனைக்காரரு போஸ்ட் ஆபீசுல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சாதுவான மனுசன், ரெண்டு எளநி வெட்டிக் குடுத்தாப் போதும்.

வடக்கு மனை சென்னைக்காரன் மனைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே. அவன் பிள்ளை படிப்புக்குப் பணம் தேவைன்னு போன தை மாசம் வித்துட்டான். உங்கம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லல. சின்னவளுக்கு ஆகும்னு நான்தான் வாங்கிப் போட்டிருக்கேன். பத்திரம் பதிஞ்சு, பட்டா மாறி, சர்வேயரை வச்சு நாலு மூலைக்கும் கல்லு நட்டாச்சு. தேங்கா உரிக்கிற கம்பிக்குப் பக்கத்துல தொங்குது பாரு, அம்பதடி டேப்பு. போன வாரந்தான் வாங்கினேன்.

எஞ்சினியர் படத்துல வடக்குப் பக்கம் எவ்வளவு விடணும்னு எழுதியிருக்காரோ, அவ்வளவும் விட்டுட்டு வானம் தோண்டு. உங்கத்தை காபி போட்டுட்டா, குடிச்சுட்டுப் போ.